கி, கெ, தோன், ஊ: பிரெஞ்சு வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் நம் வேற்றுமை

கல்யாணமாகி மொரீஷியஸுக்கு வந்த முதல் வருஷம். லண்டனில் இருக்கும் ஓர் உறவுப் பெண்ணுக்கு என் ஓர்ப்படி பிரெஞ்சில் எழுதிய நாலு வரியை ஆங்கிலத்தில் மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ப்ளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு படித்தவள் நான். கும்பகோணத்தில் அது போதுமானதாக இருந்தது. முதல் வரி இப்படித் தொடங்கியது: 'லே ப்ரேத் முரும் கெ ப்ரெபார் மா பெல்மேர்'.

ப்ரேத் முரும் என்றால் முருங்கைக்கீரை. நம் முருங்கைதான் கப்பலேறி வந்து இங்கே முரும் ஆகிவிட்டது. ப்ரெபார் என்றால் சமைப்பது, மா பெல்மேர் என் மாமியார். கெ என்பதற்கு 'விச்' என்று அகராதி சொன்னது. சொல்லுக்குச் சொல் வைத்து அடுக்கினேன். நான் எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தின் பொருள்: என் மாமியாரைச் சமைக்கும் முருங்கைக்கீரை.

மாமியார் உள்பட வீடே சிரித்தது. அவர் சமைக்கும் முருங்கைக்கீரை என்பதுதான் சரி. ஓர் 'ஐ' உருபு இடம் மாறியதில் சமைத்தவர் சமைக்கப்பட்டவர் ஆகிவிட்டார். அன்றைக்கு நான் கோட்டைவிட்டதைத்தான், அதாவது கெ போன்ற பிரெஞ்சு இணைப்புச் சொற்களைப் புரிந்துகொண்டு ஆங்கிலமாக்குவதைத்தான், இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டுக்குப் பிரெஞ்சு படிக்க வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் சறுக்கும் இடமும் இதுவே.

இந்தத் தீவில் பிரெஞ்சை ஆங்கிலமாக்குவது அன்றாடப் பாடு. 1810-இல் ஆங்கிலேயர்கள் தீவைப் பிடித்தபோது, இங்கிருந்தவர்களின் சட்டமும் மதமும் வழக்கமும் அப்படியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் சிவில் சட்டத் தொகுப்பு இன்றும் பிரெஞ்சில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் அதிகாரமொழி ஆங்கிலம், ஆனால் உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம். நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சு. வீடு வாங்கினால் நோத்தேர், அதாவது நோட்டரி, எழுதும் பத்திரம் பிரெஞ்சு, அதே வீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போனால் வழக்கு ஆங்கிலம். வீட்டுக்குள்ளே பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் பேச்சுமொழி. தமிழ், கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் ரூபாய் நோட்டிலும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிரெஞ்சை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், ஒலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'கி', 'கெ' இரண்டும் பிரெஞ்சில் மூன்றெழுத்துச் சொற்கள். முதல் இரண்டு எழுத்து இரண்டிலும் க்யூ, யூ. கடைசி எழுத்து ஐ என்றால் கி, ஈ என்றால் கெ. உயிரெழுத்துக்கு முன்னால் கெ தன் வாலை வெட்டிக்கொண்டு வெறும் 'க்' ஆகிவிடும். கி ஒருபோதும் அப்படிச் சுருங்காது.

ஒரு பெயரையும் அதை விவரிக்கும் உள்வாக்கியத்தையும் இணைக்கும் இந்தச் சொற்களை ஆங்கில இலக்கணத்தில் ரிலேடிவ் ப்ரொனவுன் என்பார்கள். தமிழில் இப்படித் தனியாக ஒரு சொல் தேவைப்படுவதில்லை. நமக்குப் பெயரெச்சம் இருக்கிறது. எழுதிய பெண், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள். ஐந்திலும் 'எழுதிய' அப்படியே நிற்கிறது. எழுதியவள் பெண், எழுதப்பட்டது கடிதம், கருவி பேனா, இடம் அறை, காலம் நாள். யாரும் சொல்லித் தராமலே நமக்குப் புரிகிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று பெயரெச்சம் ஏற்கும் பெயர்கள் ஆறு வகை என்று நன்னூல் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. ஆறுக்கும் ஒரே வடிவம், அதுதான் வேடிக்கை.

பிரெஞ்சுக்காரர்கள் இப்படி விட மாட்டார்கள். அந்தப் பெயர் உள்வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொல்லியே ஆகவேண்டும், நம் மொழியில் சொன்னால் வேற்றுமை என்ன என்று. எழுவாயாக இருந்தால் கி. செயப்படுபொருளாக இருந்தால் கெ. ஆங்கிலம் கேட்பது வேறு கேள்வி: உயர்திணையா அஃறிணையா? உயர்திணை என்றால் 'ஹூ', அஃறிணை என்றால் 'விச்', இரண்டுக்கும் பொதுவாக ஒரு 'தட்'. பிரெஞ்சு வேற்றுமையைக் கேட்கிறது, ஆங்கிலம் திணையைக் கேட்கிறது, நாம் இரண்டையும் சொல்லாமல் பெயரெச்சத்தை வைத்துவிட்டுப் போகிறோம். மூன்றுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அதனால்தான் கி என்றால் ஹூ, கெ என்றால் விச் என்று மனப்பாடம் செய்யக்கூடாது. 'லா தாம் கி வான் தே லெக்யூம்' என்றால் காய்கறி விற்கும் அம்மா, இங்கே ஹூ. 'லெ பிஸ் கி வா ஆ க்யூர்பிப்' என்றால் க்யூர்பிப் போகும் பஸ். இங்கேயும் அதே கிதான், ஆனால் ஆங்கிலத்தில் 'தி பஸ் தட் கோஸ் டு க்யூர்பிப்'. பஸ்ஸுக்கு ஹூ போட்டால் அது நடந்தே போய்விடும். விற்பது அம்மா, போவது பஸ், இரண்டும் எழுவாய். கி சொல்வது அவ்வளவுதான். ஆளா பொருளா என்பது அதற்குக் கவலையில்லை.

கெ வந்தால் செயப்படுபொருள். 'லெ லீவ்ர் கெ ழே அஷ்டே', நான் வாங்கிய புத்தகம். பிரெஞ்சில் கெ-யை விடவே முடியாது. ஆங்கிலத்தில் விடலாம், பெரும்பாலும் விடுவதுதான் அழகு: 'தி புக் ஐ பாட்'. எங்கள் வகுப்பில் எல்லாரும் 'விச்' போட்டே தீருவார்கள், தப்பில்லை, ஆனால் பக்கத்துக்கு இருபது விச் வந்தால் நோட்டீஸ் படிப்பது போல இருக்கும். எழுவாய்க்கு வரும் ஹூவையோ தட்டையோ மட்டும் விட முடியாது.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சுலபம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கிரியோலில் இரண்டுக்கும் ஒரே 'கி'. 'மதாம் கி வன் லெகிம்' என்றால் காய்கறி விற்கும் அம்மா, 'லிவ் கி மோன் அஸ்தே' என்றால் நான் வாங்கிய புத்தகம். என் நாத்தனார் மகள் பள்ளியில் தமிழும் படிக்கிறாள், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு, ஆனாலும் எழுதும்போது கெ வரவேண்டிய இடத்தில் கி வந்து உட்காரும். "தாந்தின், காதுக்குச் சரியாத்தானே இருக்கு?" என்பாள். அத்தையை இங்கே தாந்தின் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காது கிரியோல் காது, நம் காது பெயரெச்சக் காது. இரண்டுமே இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பழகியதில்லை.

அப்போது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த உபாயம் இது. வாக்கியத்தை இரண்டாக உடை. முன்னால் நிற்கும் பெயரை உள்வாக்கியத்துக்குள் திரும்பக் கொண்டு வந்து வை. தமிழில் சொல்லிப் பார், என்ன உருபு ஒட்டுகிறது? 'பஸ் க்யூர்பிப் போகிறது.' உருபே இல்லை, எழுவாய், ஆகவே கி. 'நான் புத்தகத்தை வாங்கினேன்.' ஐ ஒட்டியது, ஆகவே கெ. ஒரு தொல்லை: நம் ஐ வந்தால் செயப்படுபொருள், ஆனால் பிரெஞ்சு எழுத்தில் கடைசியில் ஆங்கில ஐ வந்தால் எழுவாய். முதல் வாரம் எல்லாரையும் இது குழப்பும். நம் ஐக்கு அவர்கள் ஐ எதிரி என்று சொல்லி வைத்தேன், அது நின்றுவிட்டது.

இப்போது என் மாமியாரிடம் திரும்பலாம். கெ வந்திருக்கிறது, ஆகவே கீரை செயப்படுபொருள். அப்படியானால் எழுவாய் எங்கே? வினைக்குப் பின்னால் நிற்கும் மாமியார். கெ-க்குப் பிறகு பிரெஞ்சில் எழுவாயையும் வினையையும் மாற்றிப் போடுவது சகஜம், செய்தித்தாளில் தினமும் பார்க்கலாம். இன்னொரு தடயமும் இருந்தது. கீரை அங்கே பன்மை, வினையோ எழுத்தில் ஒருமை. கீரைதான் சமைக்கிறது என்றால் வினையும் பன்மையாக இருந்திருக்கும். ஒலியில் இரண்டும் ஒன்று, எழுத்தில்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் இந்தப் புரட்டல் செல்லாது. 'மை மதர் இன் லா குக்ஸ்' என்று எழுவாயை வினைக்கு முன்னால் இழுத்துவர வேண்டும். கெ-யைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுவாயைத் தேடுவது என் வழக்கமாகிவிட்டது.

காதால் கேட்டு எழுதும்போது இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. 'லோம் கி லா வ்யூ.' இதற்கு இரண்டு பொருள். கி-யும், அதை அடுத்து 'அவனை' என்னும் சின்னச் சொல்லும் என்று பிரித்தால்: அவனைப் பார்த்த மனிதர். வால் வெட்டிய கெ-யும், அதை அடுத்து 'அவன்' என்னும் 'இல்'லும் என்று பிரித்தால்: அவன் பார்த்த மனிதர். எழுத்தில் இரண்டும் வேறு, காதில் ஒன்றே. தமிழ் எழுத்தில் எழுதியதால் இங்கேயும் ஒரே மாதிரி தெரிகிறது பாருங்கள். தமிழிலோ அவனை, அவன் என்று ஓர் உருபில் விஷயம் தெளிந்துவிடும். ஆங்கிலத்தில் முதலாவது 'தி மேன் ஹூ சா ஹிம்', இரண்டாவது 'தி மேன் ஹி சா'.

கெ என்று பார்த்தாலே இந்த ஆராய்ச்சியில் இறங்கவும் வேண்டாம். 'ழ ஸே கெ...' (எனக்குத் தெரியும்...) என்று வினைக்குப் பின்னால் வந்தால் அது நம் 'என்று'. ஒப்பிடும்போது வந்தால் நம் 'விட'. பெயரை ஒட்டி நின்றால்தான் பெரும்பாலும் நாம் பேசும் கெ.

அடுத்தது ஊ. இதில் ஒரே ஒரு விஷயம். அறையில், ஊரில் என்று இடம் வந்தாலும் ஊ, அன்றைக்கு, அந்த வருஷத்தில் என்று காலம் வந்தாலும் ஊ. நன்னூலின் நிலமும் காலமும் பிரெஞ்சில் ஒரே அறையில் குடியிருக்கின்றன. 'லானே ஊ மொரீஸ் ஏ தெவ்னி அன்தெபான்தான்த்' என்றால் மொரீஷியஸ் விடுதலை பெற்ற வருஷம், அதாவது 1968. இதற்கு ஆங்கிலத்தில் 'வேர்' போட்டால் காதில் இடிக்கும். 'வென்' வரவேண்டும், அல்லது ஒன்றுமே வேண்டாம்: 'தி இயர் மொரீஷியஸ் பிகேம் இண்டிபெண்டன்ட்'.

தோன் அப்படியில்லை, அதற்குக் கொஞ்சம் உட்காரவேண்டும். 'தெ' என்று பிரெஞ்சில் ஓர் இடைச்சொல் உண்டு, உடைய, இலிருந்து, பற்றி என்று பல வேலை பார்க்கும். உள்வாக்கியத்தில் பெயருக்கு முன்னால் இந்த தெ இருந்தால் இரண்டும் சேர்ந்து தோன் ஆகும். இங்கே என் தமிழ் உருபு உபாயம் பாதி வழியில் கைவிட்டுவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'எனக்குப் புத்தகம் தேவை' என்கிறோம், உருபே இல்லை. பிரெஞ்சில் தேவைக்குப் பின்னால் தெ வந்தாக வேண்டும், ஆகவே 'லெ லீவ்ர் தோன் ழே பெஸ்வான்'. ஆங்கிலத்தில் 'நீட்' எதையும் கேட்காது, 'தி புக் ஐ நீட்', தோன் காற்றில் கரைந்துவிடும். 'லெ ஃபில்ம் தோன் து பார்ல்', நீ பேசுகிற படம், இங்கே 'அபவுட்' வரவேண்டும்: 'தி ஃபில்ம் யூ ஆர் டாக்கிங் அபவுட்'. பயப்படுவதற்கு 'ஆஃப்'. 'நினைவில் வைத்திரு' என்ற வினைக்கு ஆங்கிலத்தில் எந்த இடைச்சொல்லும் வேண்டாம். எந்த வினை தெ கேட்கும் என்பதை வினையோடு சேர்த்தே படித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எனக்குத் தெரிந்து இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

தோன் 'உடைய' என்ற பொருளில் வரும்போது ஆங்கிலத்தில் 'ஹூஸ்'. ஆனால் வரிசை மாறும். 'லா தாம் தோன் ழ கொன்னே லெ ஃபிஸ்.' எந்த அம்மாவின் மகனை எனக்குத் தெரியுமோ அந்த அம்மா. பிரெஞ்சில் மகன் கடைசியில் நிற்கிறான், அவனுக்கு முன்னால் 'லெ' என்ற சின்னச் சொல்லும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மகனைப் பிடித்து இழுத்து ஹூஸுக்கு ஒட்டினாற்போல வைக்கவேண்டும், லெ-யைத் தூக்கி எறியவேண்டும்: 'தி வுமன் ஹூஸ் சன் ஐ நோ'. தமிழில் இதை ஒரே மூச்சில் சொல்லவே வராது, எனக்குத் தெரிந்த பையனின் அம்மா என்று சுற்றித்தான் வரவேண்டும்.

செய்தித்தாளில் தோன் வேறு முகம் காட்டும். 'ஸி ப்ளெஸே, தோன் தெ ஸான்ஃபான்.' ஆறு பேருக்குக் காயம், அவர்களில் இருவர் குழந்தைகள் (இங்கே வரும் தெ இரண்டு என்னும் எண், முன்னே பார்த்த இடைச்சொல் இல்லை). வினையே இல்லை. ஆங்கிலத்தில் 'இன்க்ளூடிங் டூ சில்ட்ரன்'. விபத்துச் செய்தி படிக்கிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆறும் இரண்டும் எட்டு என்று கூட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மற்ற இடைச்சொற்கள், அதாவது ஓடு, மேல், ஆல் போன்றவை வந்தால், பொருளுக்கு லெகேல். பிரெஞ்சில் பொருளுக்கும் பால் உண்டு, பெண்பாலுக்கு லாகேல். 'லெ ஸ்திலோ அவெக் லெகேல் ழேக்ரி', நான் எழுதும் பேனா. ஆளுக்கென்றால் 'அவெக் கி', 'ஆ கி' என்று கி திரும்பவும் தலைகாட்டும். இந்தக் கி எழுவாய் இல்லை, இடைச்சொல்லுக்குப் பின்னால் வந்த கி. தமிழர்கள் இங்கே செய்யும் பிழை பிரெஞ்சில் இல்லை, ஆங்கிலத்தில். 'நான் எழுதும் பேனா' என்று தமிழில் 'ஆல்' மறைந்துவிடுவதால், 'தி பென் ஐ ரைட்' என்று நிறுத்திவிடுகிறோம். கடைசியில் 'வித்' இல்லாமல் அது நிற்காது. 'நான் பேசிய நண்பர்' என்றால் கடைசியில் ஒரு 'டு' வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இடைச்சொல்லை முன்னால் வைக்கிறார்கள், ஆங்கிலேயர்கள் பேச்சில் அதைக் கடைசியில் தொங்கவிடுகிறார்கள், நாம் விழுங்கிவிடுகிறோம்.

லெகேல் ஜோடி ஆண்பால் பெண்பால் காட்டும் என்றேன் அல்லவா, பத்திரம் எழுதுகிறவர்களுக்கு அதனால் கொண்டாட்டம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு விற்பனைப் பத்திரம் வந்தது. விற்பவரின் சகோதரி, கமா, லாகேல், மாடியில் குடியிருக்கிறார். விற்பவர் ஆண். லாகேல் பெண்பால் என்பதால் மாடியில் இருப்பது சகோதரிதான் என்று பிரெஞ்சில் சந்தேகமே இல்லை. நான் 'தி சிஸ்டர் ஆஃப் தி வெண்டர், ஹூ...' என்று எழுதினேன். ஹூவுக்கு ஆண் பெண் தெரியாது. படித்தவர் விற்பவரே மாடியில் இருக்கிறார், எப்போது காலி செய்வார் என்று கேட்டு அனுப்பினார். 'தி வெண்டர்ஸ் சிஸ்டர், ஹூ' என்று எழுதியிருந்தால் ஹூ சகோதரியை ஒட்டி நின்றிருக்கும், கேள்வியே வந்திருக்காது.

கமாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடித்த மாணவர்கள் போகலாம் என்பதும், மாணவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள், போகலாம் என்பதும் வேறு. இரு மொழியிலும் இரண்டாவதற்குத்தான் கமா. அந்தக் கமாவுக்குப் பிறகு ஆங்கிலத்தில் தட் வராது, சொல்லை விடவும் முடியாது.

மிச்சம் இருப்பது 'ஸ கி', 'ஸ கெ'. முன்னால் பெயரே இல்லாதபோது வருபவை. நமக்கு இது கைவந்த கலை, வினையாலணையும் பெயர்: சொன்னது, நடந்தது. நடந்தது என்றால் ஸ கி, நான் சொன்னது என்றால் ஸ கெ, பழைய கணக்குதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வாட்'. 'தூ ஸ கெ', சொன்னதெல்லாம் என்று வந்தால் மட்டும் 'ஆல் வாட்' என்று எழுதிவிடாதீர்கள், 'எவ்ரிதிங்' போதும். முழு வாக்கியத்தையும் சுட்டும்போது, அவர் தாமதமாக வந்தார், அது எனக்கு எரிச்சல் என்பது போல, ஸ கி 'விச்' ஆகிவிடும்.

எல்லாம் சேர்ந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் போட்டேன். முதலில் பிரெஞ்சு: 'லா மெஸோன் ஊ ஏ நே மோன் மாரி, தோன் லெ துவா ஆ எத்தே ஆன்போர்த்தே பார் லெ ஸிக்லோன், ஏ கெ ஸா ஸெர் ஆபித் ஆன்கோர், ஏ ஆ வான்த்ர், ஸ கி ஃபாஷ் து லெ மோந்த்.' வீட்டில் என் கணவர் பிறந்தார், இல் உருபு, அதனால் ஊ. அங்கே 'ஏ நே' என்று வினை முன்னால் வந்திருக்கிறது, கணவர் பின்னால், அதே புரட்டல். வீட்டினுடைய கூரையைப் புயல் தூக்கிப் போனது, தோன். 1975 பிப்ரவரியில் அடித்த ஜெர்வேஸ் புயல் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது இடத்தில்தான் எல்லாரும் விழுந்தார்கள். அவர் அக்கா வீட்டில் குடியிருக்கிறாள், தமிழில் இல் உருபு, ஆனால் பிரெஞ்சில் கெ. ஏனென்றால் ஆபித் என்ற வினைக்கு வீடு நேராகச் செயப்படுபொருள், நாம் காப்பியைக் குடிப்பது போல அவர்கள் வீட்டைக் குடியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அது திரும்பவும் இடமாகிவிடும்: 'வேர் ஹிஸ் சிஸ்டர் ஸ்டில் லிவ்ஸ்'. கடைசியில் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, அதில் எல்லாருக்கும் கோபம், ஸ கி, 'விச்'.

வாக்கியம் என் சொந்தச் சரக்கு, வீடு விற்பனைக்கு இல்லை. நாத்தனார் மகள் அந்தக் காகிதத்தை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அன்று ராத்திரியே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.